கவிஞரின் புத்தகத்தில் பட்ட கால்

1

கோபியிலிருந்து அக்கா ஞாயிறுதோறும் போன் செய்வாள். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, பனியா வெயிலா என்று கேட்டு முடித்ததும் நேராக என் மகளிடம் வந்துவிடுவாள்.

“சஹானா இப்ப என்ன பண்றா?”

“பழைய பெயிண்டிங்கெல்லாம் கெட்டுப் போகாமப் பாத்துக்கற வேலைக்குப் படிக்கப் போறாக்கா.”

“படத்தத் தொடைக்கறதுக்கு ஒரு படிப்பா? அதுக்கா அமெரிக்காவுல இருக்கோணும்?”

அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே எங்கள் ஊர் மான்மவுத் ஜங்ஷனிலும் நிலைமை அப்படித்தான். ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்துகளில் யார் பிள்ளை எங்கே சேர்ந்திருக்கிறது என்ற பேச்சு எழுந்தால் என் கணவர் “கெமிஸ்ட்ரி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். பொய்யும் இல்லை. அவள் கல்லூரியில் வேதியியலும் படித்தாள், ஓவிய வரலாறும் படித்தாள். இவர் வேலை செய்வது மருந்துக் கம்பெனியில் என்பதால், மகளும் அந்த வழிதான் போலிருக்கிறது என்று கேட்டவர்கள் திருப்தியாகி அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு அந்தச் சாமர்த்தியம் வராது. நான் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு அலுவலகத்தில் சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலையில் இருக்கிறேன். தப்பை மூடிவைக்கிற பழக்கம் போய்விட்டது. அதனால் போன கோடையில் நடந்ததை அக்காவும், அக்காவைப் போல ஊரில் இருந்துகொண்டு கேட்பவர்களும் படித்துக்கொள்ளட்டும் என்று முழுதாகவே எழுதிவிடுகிறேன். போனில் சொன்னால் பாதியில் “சரி சரி, பில்லு ஏறுது” என்பாள். வாட்ஸாப்பில் பில் ஏறாது என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2

எங்கள் வீட்டிலிருந்து வடக்கே முக்கால் மணி நேரம் ஓட்டினால் நிலம் மேடாகும். குதிரைப் பண்ணைகள் வரும். அந்தக் காலத்துப் பணக்காரர்கள் நியூயார்க்கின் புழுக்கத்துக்குத் தப்பி வந்து தங்குவதற்குக் கட்டிய மாளிகைகள் அங்கே இருக்கின்றன. அவற்றில் ஒன்றை இப்போது டிக்கெட் போட்டுப் பார்க்க விடுகிறார்கள். கட்டியவர் ஐரோப்பா போகும்போதெல்லாம் படங்களாக வாங்கிக் குவித்தவர். அந்தப் படங்களைப் பராமரிப்பவர் கரோல் என்ற அம்மாள். சஹானா அவரிடம் கோடை முழுக்கச் சம்பளமில்லாத இன்டர்னாகச் சேர்ந்தாள்.

“சம்பளமே இல்லாமயா? பெட்ரோல் காசாச்சும் குடுப்பாங்களா?” என்று என் கணவர் கேட்டார்.

சம்பளத்துக்கு அவள் போகவில்லை. இந்தப் படிப்புக்கு நாட்டிலேயே விரல்விட்டு எண்ணுகிற இடங்கள்தான். கூட வேலை பார்த்த நிபுணர் ஒருவர், இந்தப் பெண்ணின் கையை நம்பலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கரோல் எழுதிக் கொடுத்தால் கதவு திறக்கும். இல்லாவிட்டால் இவர் தயாராக வைத்திருக்கும் மருந்துக் கம்பெனிக் கதவுதான். அந்தக் கோடைக்கு இருந்த அர்த்தம் அவ்வளவுதான், வீட்டில் மூன்று பேருக்கும் அது தெரியும்.

அங்கே அவளுக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை ஒரு கவிஞர். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் இத்தாலியில் யாரோ வரைந்த படம். துணியில் அல்ல, மரப்பலகையில். வரைந்தவர் பேரும் தெரியாது, கவிஞரின் பேரும் தெரியாது. கையில் புத்தகமும் பின்னால் ஒரு செடியின் இலையும் இருக்கின்றன. அந்த இலை கவிஞர்களுக்கு உரியதாம், அதை வைத்துத்தான் கவிஞர் என்கிறார்கள். இதைச் சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னபோது இவர் கேட்டார்:

“அவரு எழுதுன பாட்டு ஏதாச்சும் இருக்குதா?”

“நோ ஒன் நோஸ், அப்பா.”

“அப்ப பாட்டெல்லாம் போயிருச்சு, போட்டோ மட்டும் தங்கிருச்சு. நல்ல கவிஞர்தான் போ.”

சஹானா சிரித்தாள். அவள் எங்களிடம் பேசும்போது இடையில் வருகிற தமிழ் ‘அம்மா’, ‘அப்பா’, ‘போதும்’ ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிடும். நாங்கள் பேசுவது முழுக்கப் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். இனி அவள் பேசியதாக நான் எழுதுவதில் பெரும்பகுதி என் மொழிபெயர்ப்பு என்று கொள்ளுங்கள்.

3

ஜூலை மாதம் ஒரு சாயங்காலம் சஹானா ஷூவைக் கழற்றாமல் சமையலறை வரைக்கும் வந்தாள். இந்த வீட்டில் அவள் அப்படி வந்ததே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டேன்.

நடந்தது இது. பலகை மரம் என்பதால் குளிருக்கும் வெயிலுக்கும் அசைந்துகொண்டே இருக்கும். அதன் மேலிருக்கும் வண்ணம், பழைய சுவரில் சுண்ணாம்பு பொரிந்து நிற்பதுபோல அங்கங்கே தூக்கிக்கொள்ளும். அதை மறுபடி ஒட்டவைப்பதற்காகக் கவிஞரைச் சுவரிலிருந்து இறக்கி, சட்டத்தைக் கழற்றி, தரையில் மெத்தென்ற கட்டைகள் மேல் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். கரோல் மேசையைத் தயார்செய்துகொண்டிருந்தார். சஹானா விளக்கை நகர்த்தியவள், பின்னால் ஒரு அடி வைத்துத் திரும்பினாள். ஷூ நுனி பலகையின் கீழோரத்தில் இலேசாகப் பட்டது. கவிஞரின் புத்தகம் அந்த ஓரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அது வரைக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். கால் படுவதெல்லாம் நடக்கிறதுதான், கட்டைகள் இருப்பதே அதற்குத்தான்.

ஆனால் என் மகள் அடுத்த நொடி குனிந்தாள். அப்போதுதான் கையுறையைக் கழற்றியிருந்தாள். வலது கை விரல்களால் அந்தப் புத்தகத்தைத் தொட்டாள், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

கரோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரலில் வேர்வை இருந்திருக்கிறது. புத்தக அட்டையிலிருந்து கடுகில் பாதி அளவுக்கு ஒரு துணுக்கு, காவி நிறம், விரலோடு வந்து இவள் இமை மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. கரோல் சத்தம் போடவில்லை. “அசையாதே, கண்ணை மூடு” என்று மட்டும் சொல்லி, மெல்லிய தூரிகையால் அந்தத் துணுக்கை இமையிலிருந்து எடுத்து ஒரு கண்ணாடிச் சிமிழில் போட்டு மூடினார். பிறகு கேட்டார்: “கால் பட்டதை நான் புரிந்துகொள்கிறேன். கை போனது எனக்குப் புரியவில்லை. ஏன் தொட்டாய்?”

சஹானாவுக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு? தொட்டது அவளுக்கே கை திரும்பி வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. வீட்டுக்குப் போ, வெள்ளிக்கிழமை வந்து விளக்கம் சொல், நிர்வாகத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் நான் ஏதாவது எழுதியாக வேண்டும் என்று கரோல் அனுப்பிவிட்டார்.

“அம்மா, ஒய் டூ வீ டூ தட்?” என்றாள். கண் சிவந்திருந்தது. அந்த இமையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

4

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“புக்குன்னா சரஸ்வதி, கண்ணு. கால் படக் கூடாது. பட்டுட்டா தொட்டுக் கும்பிடணும்.”

“அது புக் இல்லம்மா. பெயிண்ட்.”

“படத்துல இருந்தாலும் புக்கு புக்குதான?”

“அப்ப நான் ஒரு பெயிண்டிங் கிட்ட சாரி சொன்னேனா?”

“சாரியெல்லாம் இல்ல.”

“தென் வாட்?”

மன்னிப்பும் இல்லை, சாமி கும்பிடுவதும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அதற்குத் தமிழிலேயே எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை, ஆங்கிலத்தில் எங்கே போக?

கற்றுக்கொடுத்தது நான்தான். மூன்று வயதில் அட்டைப் படப் புத்தகத்தின் மேல் ஏறி நின்றாள். கெண்டைக்காலில் ஒரு தட்டுத் தட்டி, “தொட்டுக் கும்பிடு” என்றேன். பிறகு ஒவ்வொரு தடவையும் சொன்னேன், சொல்லாமலே செய்கிற வரைக்கும். பகலில் அவளை விட்டிருந்த டேகேரில் தரையெல்லாம் புத்தகம் கிடக்கும். நாள் முழுக்க இவள் கண்ணைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். குழந்தைக்குக் கண்ணில் அலர்ஜி போலிருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று அந்த டீச்சர் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்கு வந்து இவரும் நானும் அப்படிச் சிரித்தோம்.

மற்ற எதுவும் தங்கவில்லை. கோயிலுக்கு ஏன் வர வேண்டும் என்று கேட்டாள், நாங்கள் சொன்ன பதில் போதவில்லை, நிறுத்தினாள். பொட்டு ஏன், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி ஏன், ஊரில் எல்லார் காலிலும் விழுவது ஏன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், ஒவ்வொன்றாக விட்டாள். இந்த ஒன்றைக் கேட்கவே இல்லை. தன்னிடம் இருப்பது தெரிந்தால்தானே கேட்பதற்கு? அதனால் இது தப்பித்துத் தங்கிவிட்டது. தங்கியது எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது, அந்த வெள்ளிக்கிழமை வரப்போகிறது என்ற பயத்துக்கு நடுவில்.

இவர் காரியத்தில் கண்ணாக இருந்தார். “எதுக்கு இத்தன ஆராய்ச்சி? கால் ஸ்லிப் ஆச்சு, விழாம இருக்கக் கை ஊனுனேன்னு சொல்லீரு. ஆக்சிடென்ட்னா இந்த ஊர்ல யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.”

“அதுக்கப்புறம் கண்ணைத் தொட்டேனே அப்பா. கரோல் வாஸ் வாட்சிங்.”

“தூசின்னு சொல்லு.”

“ரெண்டு கண்லயுமா?”

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கோடை பூராவும் வீணாகப் போகிறதே என்ற கோபம்தான். விபத்து என்று சொன்னால் தப்பிக்கலாம். வேண்டுமென்றே தொட்டது என்றால் அந்தப் படிப்பையே மறந்துவிடலாம். எனக்கும் அது தெரியாமல் இல்லை. நானும் மெதுவாக, “அப்பா சொல்றதும் சரிதான கண்ணு” என்றேன்.

சஹானா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். “போதும்” என்றாள் தமிழில்.

5

வெள்ளிக்கிழமை அவள் காரில் ஏதோ எச்சரிக்கை விளக்கு எரிந்ததால் அதை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு நான் கூட்டிக்கொண்டு போனேன். காரிலேயே இருக்கிறேன் என்றுதான் சொன்னேன். கரோலே வாசலுக்கு வந்து என்னையும் உள்ளே அழைத்தார். அறுபதை ஒட்டிய வயது, சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார், கண்ணாடி தலைமேல். அந்த மாளிகையின் பழைய துணி துவைக்கும் அறைதான் அவருடைய வேலை அறை.

கவிஞர் மேசைமேல் மல்லாந்து கிடந்தார். ஒல்லியான மனிதர், சிவப்புத் தொப்பி, இறுக்கமான வாய். கட்டைவிரலைப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியவர் மாதிரி வேறு பக்கம் பார்க்கிறார். புத்தக அட்டையில் காவி போன இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. இத்தனை சின்னதா என்று இருந்தது. இத்தனை சின்னதுக்கு இவ்வளவா என்றும் இருந்தது.

சஹானா உள்ளது உள்ளபடி சொன்னாள். கால் பட்டது தற்செயல், கை தற்செயல் அல்ல, எங்கள் வீட்டில் புத்தகத்தில் கால் பட்டால் இப்படிச் செய்வோம், யோசித்துச் செய்யவில்லை, ஆனால் என் கைதான் செய்தது என்றாள். வீட்டில் இவள் அப்பா சொல்லிக்கொடுத்த பொய்யை நானும் வழிமொழிந்ததை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

கரோல் என்னைப் பார்த்தார். பெற்றவள் ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா?

“ஷீ வாஸ் ரெஸ்பெக்டிங் ஒன்லி” என்றேன்.

இந்த ஊருக்கு வந்து மகளைப் பெற்று வளர்த்து முடித்தாயிற்று. ஆபீஸ் மீட்டிங்கில் அமெரிக்கர்களோடு சரிக்குச் சரி வாதாடுகிறேன். பதற்றம் வந்தால் மட்டும் கோபி பஸ் ஸ்டாண்டு ஆங்கிலம்தான் வாயில் வருகிறது. சஹானா தரையைப் பார்த்தாள். ஆனால் கரோலுக்குப் புரிந்தது.

“நான் நம்புகிறேன். அழகான பழக்கம்” என்றார். “ஆனால் அழகு எனக்கு இங்கே உதவாது. இந்த வேலையில் தலைக்கு முன்னால் கை போகக் கூடாது. அன்றைக்கு அவள் கையில் ஒன்றும் இல்லை. வண்ணத்தைச் சுரண்டுகிற கத்தி இருந்திருந்தால்?”

“இனிமே கவனமா இருப்பா” என்றேன், என் ஆங்கிலத்தில்.

“கவனம் என்பது யோசிக்கிறவர்களுக்கு. இவள் யோசிக்கவே இல்லையே.” பிறகு சஹானாவிடம் சொன்னார்: கோடை முடிகிற வரைக்கும் படங்களின் சட்டங்களைச் சுத்தம் செய். பலகைகள் பக்கம் வராதே. இலையுதிர் காலத்தில் கவிஞர் சுவருக்குத் திரும்பும்போது நீ வந்து என்னோடு வேலை செய். அப்போது உன் கையைப் பார்த்துவிட்டு, எழுதித் தருவதா வேண்டாமா என்று சொல்கிறேன்.

திரும்பி வரும் வழியில் குதிரைப் பண்ணைகள் முடிந்து கடைகள் வரத் தொடங்கியதும் கேட்டாள்.

“அம்மா, யார் எனக்கு டீச் பண்ணது?”

“நான்தான்.”

“அப்ப நீயே எடுத்துடு.”

6

மறுநாளே ஹாலில் சோபாவை ஓரமாகத் தள்ளினாள். அலமாரியிலிருந்து புத்தகங்களைக் கொண்டுவந்து தரை முழுக்கப் பரப்பினாள். அதன் நடுவில் நடக்க வேண்டும், கால் பட வேண்டும், கை போகக் கூடாது. தன் கை அசைவது தனக்கே தெரிவதில்லை என்பதால் நான் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

“ஷூ டப்பாவ வெச்சுப் பண்ணு. புக்கு வேண்டாம், கண்ணு.”

“ஷூ டப்பாவுக்கு என் கை போகாதேம்மா.”

இவர் வந்து எட்டிப் பார்த்தார். தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “காரேஜ்ல கொஞ்சம் வேல இருக்குது” என்று போய்விட்டார். காரேஜில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

முதல் நாள் நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அவள் கால் ஒரு புத்தகத்தில் படும், கை தானாக இறங்கும், “மூவ் ஆச்சு” என்பேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப வருவாள். அவளுடைய தமிழ்ப் பள்ளிப் பாடப் புத்தகமும் அதில் கிடந்தது. அதைக் கடக்கும்போது மட்டும் முதல் தடவையிலேயே கை அசையவில்லை. கெமிஸ்ட்ரிப் புத்தகத்துக்குத்தான் நாள் கணக்காகக் கை போய்க்கொண்டே இருந்தது. அவள் விழுந்து விழுந்து படித்தது அதைத்தான், அதனால் நியாயம்தான். இருந்தாலும் சனிக்கிழமை தவறாமல் கார் ஓட்டிக்கொண்டு போய் அந்தத் தமிழ்ப் பள்ளி வாசலில் காத்துக் கிடந்தவள் நான். எனக்கு உறைத்தது.

இன்னொரு சிக்கல், என் கை. அவள் கால் படும்போதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் என் கை எழுந்தது. “அம்மா, யூ ஆர் டிஸ்ட்ராக்டிங் மீ” என்றாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

ஆகஸ்ட் முடிவதற்குள் கை வெறும் துடிப்பாகக் குறைந்தது. பிறகு ஒரு நாள் கெமிஸ்ட்ரிப் புத்தகத்தை நன்றாகவே உதைத்துவிட்டாள். அது சறுக்கிப் போய்ச் சுவரில் முட்டித் திறந்துகொண்டது. அவள் கை தொங்கியது தொங்கியபடி இருந்தது.

“மூவ் ஆச்சா?”

“இல்ல.”

“நிஜமா?”

“நிஜமா இல்ல, கண்ணு.”

ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நானும் அவளைத் தூக்காத குறையாகப் பிடித்துக்கொண்டேன். அவள் அன்றைக்குச் சிரித்த மாதிரி அந்தக் கோடையில் வேறெப்போதும் சிரிக்கவில்லை.

அக்டோபரில் கவிஞர் சுவருக்குப் போனார். பலகையின் ஒரு பக்கத்தை கரோலும் மறுபக்கத்தை சஹானாவும் பிடித்துத் தூக்கினார்கள். அந்தத் துணுக்கை கரோல் எப்போதோ ஒட்டிவிட்டார், இடம் எதுவென்றே தெரியவில்லையாம். முழு நாள் கூட வைத்து வேலை வாங்கிவிட்டு, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். என் கணவர் அன்று சாயங்காலமே தமிழ் நண்பர்கள் வாட்ஸாப் குழுவில் போட்டார். முதல் தடவையாக, கெமிஸ்ட்ரி என்று போடவில்லை.

ஆகவே அக்கா, உன் கேள்விக்குப் பதில் அதுதான். படம் துடைக்கிற வேலை இல்லை. கையை அடக்குகிற வேலை. அதற்கு இங்கே இருந்துதான் படிக்க வேண்டியிருக்கிறது.

நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நான் சோபாவில் படுத்துப் படித்துக்கொண்டிருந்த நாவலை விரித்தபடியே தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். சஹானா போனில் யாரிடமோ பேசிக்கொண்டு உள்ளே வந்தவள் அதன் மேல் முழுசாக மிதித்துக்கொண்டு நடந்தாள். அட்டை மடங்கிய சத்தம் எனக்கே கேட்டது. அவள் நிற்கவில்லை, குனிந்து பார்க்கவில்லை. ஒரு கையில் போன், மறு கையால் ஃப்ரிட்ஜைத் திறந்து, எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். தன்னை அடக்கிக்கொண்டு போகவில்லை, அங்கே ஒரு புத்தகம் கிடந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அவளுக்கு நல்லது நடக்கிறது என்ற சந்தோஷத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் சுருக்கென்றது.

“கண்ணு” என்றேன்.

போனைக் காதிலிருந்து எடுத்தாள். “வாட், அம்மா?”

“ஒண்ணுமில்ல. தட்டு எடு, சாப்பிடலாம்.”